பிளவுஸ் அளவு வேறு, பிரா அளவு வேறு

மதுரையில் விளக்குத்தூணுக்கு அருகே பெண்களுக்கான உள்ளாடைகளும் பிளவுஸ் தையலும் சேர்ந்த ஒரு சிறிய கடையை நடத்தி வருகிறேன். கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஓர் எண்ணை மட்டும் சொல்லிக் கேட்பார்கள். "அக்கா, முப்பத்தாறு ரெண்டு குடுங்க, வெள்ளை வேணாம்" என்பார்கள். முப்பத்தாறில் எந்தக் கப் என்று கேட்டால், அருகில் ஆண்கள் யாரேனும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "எப்பவும் வாங்குறதுதான்" என்று குரலைத் தாழ்த்துவார்கள். அந்த முப்பத்தாறு எங்கிருந்து வந்தது என்று மெல்ல விசாரித்தால், அநேகமாக அது தையல்காரர் நோட்டில் எழுதி வைத்திருக்கும் பிளவுஸ் அளவாகவே இருக்கும்.

இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குழப்பத்திலிருந்து பிறந்தவை. பிளவுஸுக்கு அளவெடுக்கும்போது டேப்பை மார்பின் மிக எடுப்பான பகுதியின் மேல் சுற்றுகிறோம். அந்தச் சுற்றளவுதான் 36. பிராவின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணோ மார்பகத்துக்குக் கீழே விலா எலும்பைச் சுற்றி நிற்கும் பட்டையைக் குறிப்பது. பிளவுஸ் அளவு 36 உள்ள இரண்டு பெண்களில் ஒருவருக்கு விலாச் சுற்றளவு 29 அங்குலமாகவும் மற்றவருக்கு 33 அங்குலமாகவும் இருக்கலாம். முதலாமவர் ஒல்லியான உடம்பும் நிறைந்த மார்பகமும் உடையவர். இரண்டாமவர் அகன்ற முதுகும் சிறிய மார்பகமும் உடையவர். இருவருக்கும் ஒரே பிராவைக் கொடுத்தால் ஒருவருக்கும் பொருந்தாது. பிளவுஸில் இந்த வேறுபாட்டை டாட் பிடித்தோ பிரின்சஸ் கட் வைத்தோ தையல்காரர் சரிசெய்துவிடுவார். அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வருவதோடு நம் வேலை முடிந்துவிடுவதால், நம் உடம்பின் இரண்டு அளவுகளும் தனித்தனியே நமக்குத் தெரிய வேண்டிய தேவையே அங்கு எழுவதில்லை. உள்ளாடை அப்படி நமக்கென்று தைக்கப்படுவதில்லை. அந்த இரண்டு அளவுகளையும் நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

என் கல்லூரிக் காலத்தில் உள்ளாடை வாங்குவதென்றால் பெரிய ஜவுளிக்கடையின் மாடிக்கு அம்மாவுடன் போவோம். மேசைக்கு அப்பால் நிற்கும் ஆண் விற்பனையாளர் ஒரு பார்வை பார்த்துவிட்டு அட்டைப்பெட்டியை எடுத்து வைப்பார். அம்மா அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பைக்குள் போடச் சொல்லுவார். அப்படி எனக்கு வந்து சேர்ந்தது 36 பி. திருமணமாகி முதல் குழந்தை பிறக்கும் வரையில் அதையே அணிந்தேன். முதுகுப் பட்டை தோள்பட்டை எலும்பு வரை ஏறிக்கொள்ளும். அதை இறக்க ஸ்ட்ராப்பை இறுக்குவேன். இறுக்க இறுக்கப் பட்டை இன்னும் மேலே ஏறும். இரண்டு தோள்களிலும் விரல் அகலத்துக்குப் பள்ளம் விழுந்து அந்த இடம் கறுத்துவிட்டது. கழுத்துவலிக்காகப் பார்க்கப் போன பிசியோதெரபிஸ்ட் அம்மாள்தான் என் முதுகுப் பட்டையை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். அது ஓர் உள்ளங்கை அகலம் விலகி வந்தது. "பாரத்தைத் தாங்க வேண்டியது இந்தப் பட்டைம்மா. இது சும்மா தொங்குது, தோளு எல்லாத்தையும் சுமக்குது" என்றார். அன்று மாலை வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அளந்து பார்த்தேன். விலாவில் 30 அங்குலம், மார்பின் மேல் 36 அங்குலம் இருந்தது.

பிராவில் எண் என்பது பட்டை. எழுத்து என்பது மார்பின் மேல் சுற்றளவுக்கும் பட்டைக்கும் உள்ள வித்தியாசம். ஒரு அங்குல வித்தியாசம் ஏ, இரண்டு பி, மூன்று சி, நான்கு டி என்று போகும். 1930களில் அமெரிக்காவில் தொடங்கிய முறை இது. ஆகவே டி கப் என்றால் மிகப் பெரிய மார்பகம் என்று பலர் கொண்டிருக்கும் எண்ணம் சரியன்று. 30 பட்டையில் டி என்பது சிறிய கொள்ளளவுதான். 40 பட்டையில் பி என்பது அதைவிடப் பெரியது. எழுத்து தனியாக நின்று எதையும் சொல்லாது. பட்டையில் ஒரு படி இறங்கினால் எழுத்தில் ஒரு படி ஏற வேண்டும். 34 பி, 32 சி, 36 ஏ ஆகிய மூன்றின் கப்பும் ஏறத்தாழ ஒரே கொள்ளளவு கொண்டவை. உங்கள் அளவு கடையில் இல்லாதபோது இந்தக் கணக்கு மிகவும் உதவும். 34 பி வாங்கி, கப் சரியாக இருந்து பட்டை மட்டும் தளர்வாக இருந்தால், 32 பி கேட்காதீர்கள், 32 சி கேளுங்கள். 32 பி வாங்கினால் பட்டை சரியாகிவிடும், கப் சிறுத்துவிடும். பிறகு "பட்டை இறுக்கமா எடுத்ததுதான் தப்பு" என்று முடிவு செய்து பழைய தளர்ந்த அளவுக்கே திரும்பிப் போனவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. பட்டையின் எண்ணைக் கணக்கிடுவதில் எல்லா நிறுவனங்களும் ஒரே வழியைப் பின்பற்றுவதில்லை. சில அட்டவணைகள் விலாச் சுற்றளவை அப்படியே பட்டை எண்ணாகக் கொள்கின்றன. வேறு சில, விலா அளவோடு நான்கு அல்லது ஐந்து அங்குலம் கூட்டி வரும் எண்ணைத்தான் பட்டை என்கின்றன. என் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வழியில் பட்டை 30, வித்தியாசம் ஆறு அங்குலம். பிரிட்டிஷ் கணக்கில் டிக்கு அடுத்து டிடி, அதற்கும் அடுத்து இ என்பதால் நான் 30 இ ஆவேன். இரண்டாம் வழியில் 30 உடன் நான்கைக் கூட்டினால் பட்டை 34, வித்தியாசம் இரண்டு அங்குலம்; நான் 34 பி ஆவேன். உடம்பு ஒன்றுதான், எழுதும் முறைதான் மாறுகிறது. ஆகவே "நான் 34 பி" என்று மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வதைவிட "விலாவில் 76 சென்டிமீட்டர், மார்பில் 91 சென்டிமீட்டர்" என்று அங்குலத்தை விட்டுவிட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பல உள்ளாடைப் பெட்டிகளின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் சென்டிமீட்டர் கணக்கு அச்சிட்டிருப்பார்கள். 34 பிக்குப் பக்கத்தில் 75 பி என்று ஐரோப்பிய எண்ணும் இருக்கும். அந்த 75 என்பது விலாவில் 73 முதல் 77 சென்டிமீட்டர் வரை உள்ளவர்களுக்கானது. முன்பக்கம் பெரிதாகத் தெரியும் எண்ணைக் காட்டிலும் இந்தச் சிறிய எழுத்தை நம்புங்கள். கப்பைக் குறிக்கும் ஏ, பி போன்ற எழுத்தே இல்லாமல் வெறும் எண் மட்டும் போட்டு விற்கும் பருத்திப் பிராக்கள் பெரும்பாலும் பி கப்பை ஒட்டி வெட்டப்பட்டவை. சி, டி தேவைப்படுகிறவர்கள் அதில் ஒவ்வொரு எண்ணாகப் பெரிதாக வாங்கிக்கொண்டே போய், கடைசியில் 40, 42 பட்டையைத் தொளதொளவென்று மாட்டிக்கொண்டு வருவது இதனால்தான்.

அளவெடுப்பது எளிது, ஆனால் பொறுமையாகச் செய்ய வேண்டும். தையல் டேப் பழையதாக இழுபட்டிருந்தால் புதிது வாங்கிக்கொள்ளுங்கள். பேட் வைத்த பிராவைக் கழற்றிவிட்டு, உடம்பின் மேலோ மெல்லிய பருத்திப் பிராவின் மேலோ அளக்க வேண்டும். மார்பகத்துக்கு நேர்கீழே டேப்பைச் சுற்றி, முதுகில் அது மேலே ஏறாமல் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். பின்பு மூச்சை வெளியே விட்டு, தோலில் பதியும் அளவுக்கு இழுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மேல் அளவுக்கு டேப்பை இறுக்கக் கூடாது. மார்பின் மேல் தொட்டபடி நிற்க வேண்டும், அமுக்கக் கூடாது. குழந்தை பெற்றவர்களுக்கும், வயது ஏறி மார்பகம் தளர்ந்தவர்களுக்கும், நிமிர்ந்து நின்று எடுக்கும் மேல் அளவு குறைவாகவே வரும். அவர்கள் இடுப்பை வளைத்துக் குனிந்து நின்று இன்னொரு முறை அளந்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள அளவை வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் அளக்க வேண்டாம். அந்த நாட்களில் ஹார்மோன்களின் காரணமாக நீர் கோத்து மார்பகம் கனத்து வலிக்கும். சிலருக்கு ஒரு கப் அளவு வரைகூட வித்தியாசம் தெரியும். மாதவிலக்கு முடிந்த சில நாட்களில் அளப்பதே நல்லது. மாதாமாதம் அதிகம் வீங்குகிறவர்கள் அந்த வாரத்துக்கென்று தளர்வான, வயர் (கப்பின் அடியில் வளைத்து வைக்கும் கம்பி) இல்லாத ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

அளவு என்பது தொடக்கம் மட்டுமே. பொருந்துகிறதா என்பதை அணிந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். புதிய பிராவை வெளிக்கோடியில் இருக்கும் கொக்கி வரிசையில் மாட்டிப் பாருங்கள். அந்த வரிசையிலேயே பட்டை நன்றாகப் பிடித்து நிற்க வேண்டும், ஏனென்றால் துவைக்கத் துவைக்க எலாஸ்டிக் தளரும்போது உள்வரிசைகளுக்கு நகர்வதற்காகத்தான் மற்றக் கொக்கிகள் இருக்கின்றன. வாங்கும்போதே உள்வரிசையில் மாட்டினால்தான் நிற்கிறது என்றால் அந்தப் பட்டை உங்களுக்குப் பெரியது. பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், முழுக் கை நுழையக் கூடாது. மாட்டிய பிறகு முன்னால் குனிந்து, அக்குள் பக்கம் ஒதுங்கி நிற்கும் சதையைக் கையால் முன்னே கொண்டு வந்து கப்புக்குள் அமர்த்துங்கள். அக்குளில் பிதுங்குவது கூடுதல் கொழுப்பு என்று வருந்துகிறவர்களில் பலருக்கு, அது சிறிய கப் வெளியே தள்ளிய மார்பகமே. இப்படி அமர்த்திய பின் மேல்விளிம்பில் சதை வழிந்து பிளவுஸின் மேல் இரட்டை மேடு தெரிந்தால் கப் சிறியது. கப் சுருங்கி மடிந்தால் பெரியது. வயர் உள்ளதானால் அது மார்பகத்தின் அடி மடிப்பில் அமர வேண்டும். மார்பகத்தின் மேல் ஏறி உட்காரக் கூடாது. நடுவில் இருக்கும் இணைப்பு நெஞ்செலும்பைத் தொட்டு நிற்க வேண்டும். கடைசியாக ஸ்ட்ராப்புகள் இரண்டையும் தோளிலிருந்து இறக்கிவிட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். பட்டை கீழே சரியாமல் ஓரளவு தாங்கி நின்றால் அது உங்கள் பிரா.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். பஞ்சு வைத்து அச்சில் வார்த்த கப்புகள் தமக்கென்று ஒரு வடிவத்தோடு விறைத்து நிற்கும். மேற்பகுதியில் சதை குறைவாகவும் கீழ்ப்பகுதியில் நிறைவாகவும் உள்ளவர்கள் அவற்றை அணிந்தால் மேலே இடைவெளி விழும். அதைப் பார்த்து "எனக்குக் கப் பெருசுக்கா" என்று சிறியதை எடுத்தால் கீழே நெருக்கும். துண்டு துண்டாக வெட்டித் தையல் போட்ட பருத்திக் கப்புகள் உடம்பின் வடிவத்துக்கு வளைந்து கொடுக்கும். அதிகம் விற்பனை ஆகாத அந்தப் பழைய மாதிரிகளை நான் கடையில் விடாமல் வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

அளவுநாடாவோடு அந்தச் சிறிய அறைக்குள் நிற்கும்போதுதான் பெண்கள் தங்கள் உண்மையான கவலையைச் சொல்கிறார்கள். அதிகம் கேட்ட வாக்கியம், "ரெண்டும் ஒரே மாதிரி இல்லக்கா, எதாவது நோயா?" என்பதுதான். இரண்டு மார்பகமும் முழுக்க ஒத்திருப்பதுதான் அபூர்வம். பெரும்பாலான பெண்களுக்கு ஒரு பக்கம் சற்றுப் பெரிதாக இருக்கும். பலருக்கு அது இடப்பக்கம். எனக்கும் அப்படியே. இப்படி இருப்பவர்கள் பெரிய பக்கத்துக்குப் பொருந்தும் கப்பை வாங்கிக்கொண்டு, சிறிய பக்கத்தில் கழற்றி மாட்டக்கூடிய மெல்லிய பேட் ஒன்றை வைத்தால் பிளவுஸும் சரியாக உட்காரும். சிறிய பக்கத்துக்கு அளவு பார்த்துப் பெரிய பக்கத்தை அமுக்கக் கூடாது.

மார்பகம் பால் சுரப்பிகளாலும் கொழுப்பாலும் அவற்றைப் பிடித்து நிற்கும் நார்த்திசுக்களாலும் ஆனது. அந்த நார்களுக்கு ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மார்பகத்துக்குள் தசை கிடையாது. தசை அதன் பின்னால், விலாவின் மேல் இருக்கிறது. ஆகையால் உடற்பயிற்சி அந்தத் தசையை வலுவாக்கும், மார்பகத்தின் அளவைக் கூட்டாது. தடவும் எண்ணெயும் கிரீமும் கூட்டாது, குறைக்கவும் செய்யாது. பரம்பரை, உடல் எடை, ஹார்மோன்கள், கர்ப்பம், வயது ஆகியவை சேர்ந்துதான் அளவைத் தீர்மானிக்கின்றன. ஒரே வீட்டில் பிறந்த அக்கா தங்கைக்குக்கூட அது வேறு வேறாக அமையும். தினசரிகளின் உள்பக்க விளம்பரங்களைப் பார்த்து மாதக்கணக்கில் எண்ணெய் வாங்கித் தடவிவிட்டு, தோல் சிவந்து தடித்து வந்து நின்ற ஒரு இளம்பெண்ணின் முகம் எனக்கு மறக்கவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது அளவுக்கு ஏற்ற ஒரு ஏ கப் பிரா. அது கடைகளில் எளிதில் கிடைக்காது என்பதற்காக அவர் தன் உடம்பைக் குறைசொல்லிக்கொண்டிருந்தார்.

மேலூரிலிருந்து ஒரு தாய் தன் மகளைப் பற்றிக் கேட்க வந்தார். மகளை அழைத்து வரவில்லை. ஒரு பக்கம் மட்டும் காம்புக்கு அடியில் சிறிய கட்டி போல் வந்து தொட்டால் வலிக்கிறது, புற்றுநோயாக இருக்குமோ என்று அவருக்கு நடுக்கம். மார்பக வளர்ச்சி எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் தொடங்கும். அது பல சமயம் ஒரு பக்கத்தில் முன்னதாகவும் மறுபக்கத்தில் சில மாதங்கள் தள்ளியும் வரும். அந்தக் கட்டிதான் வளர்ச்சியின் முளை. அதைக் கட்டி என்று நினைத்து வெட்டி எடுத்தால் அந்தப் பக்கம் மார்பகமே வளராமல் போகலாம் என்பதால் மருத்துவர்கள் அதைத் தொடாமல் கவனிக்கவே சொல்வார்கள். என் கடைக்கு வரும் ஒரு பெண் மருத்துவர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். அந்தத் தாயையும் அவரிடமே அனுப்பி வைத்தேன். இந்த வயதில் இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லையே என்று முடிவுக்கு வரக் கூடாது. வளர்ச்சி நிற்கப் பதினேழு, பதினெட்டு வயது ஆகலாம். அதுவரை உடுத்த வசதியாக, வயர் இல்லாத மெல்லிய பருத்தி ஆடையே போதும். சிம்மீஸில் வசதியாக இருக்கும் பிள்ளையை அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை.

என் நாத்தனார் பிரசவித்திருந்தபோது அவர் மாமியார், பக்கத்தில் படுத்திருந்தவரின் காதில் விழும்படியே, "இம்புட்டுச் சின்னதா இருக்கே, பால் பத்துமா? இப்பமே பவுடர் வாங்கிருவோம்" என்று சொன்னார். பால் சுரப்பது சுரப்பிகளின் வேலை. மார்பகத்தின் அளவில் பெரும்பகுதி கொழுப்பு. குழந்தை எத்தனை முறை, எவ்வளவு நன்றாகக் குடிக்கிறதோ அதற்கேற்பப் பால் ஊறும். சிறிய மார்பகத்தில் ஒரு தடவைக்குச் சேர்ந்திருக்கும் அளவு குறைவாக இருந்தால் குழந்தை இன்னும் அடிக்கடி குடிக்கும், அவ்வளவுதான். நாத்தனார் தன் மகனுக்கு ஒன்றரை வயது வரை பால் கொடுத்தார். பால் கொடுத்தால் மார்பகம் தளர்ந்துவிடும் என்ற பயமும் வேண்டியதில்லை. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக மருத்துவர்கள் இதை ஆராய்ந்தபோது வயது, கர்ப்பங்களின் எண்ணிக்கை, உடல் எடை, புகைப்பழக்கம் ஆகியவற்றுக்குத் தொடர்பு தெரிந்தது. பால் கொடுத்ததற்குத் தொடர்பு தெரியவில்லை. ஃபீடிங் பிராவைப் பிரசவத்துக்கு முன்னதாகவே அரை டஜன் வாங்கி அடுக்க வேண்டாம். கடைசி மாதத்தில் ஒன்றிரண்டு வாங்கிக்கொண்டு, பால் சுரந்து சில வாரங்களில் அளவு நிலைப்பட்ட பின் மீதியை வாங்கலாம். கர்ப்ப காலத்தில் விலாவும் விரிவதால் பட்டையும் மாறும். பட்டைக்குக் கொக்கி சேர்க்கும் சிறு இணைப்புத் துண்டு கடைகளில் கிடைக்கிறது. அதை மாட்டினால் புதிய பிரா வாங்குவதைச் சில மாதம் தள்ளிப்போடலாம்.

ஐம்பதைத் தொட்டவர்களுக்கு வேறு மாற்றம் வருகிறது. மாதவிலக்கு நின்ற பின் சுரப்பித் திசு சுருங்கி அதன் இடத்தைக் கொழுப்பு எடுத்துக்கொள்ளும். மார்பகம் மென்மையாகித் தாழும். பலருக்கு விலாச் சுற்றளவும் கூடும். முப்பது வயதில் வாங்கிய எண்ணை அவர்கள் ஐம்பத்தைந்திலும் கேட்கிறார்கள். இந்த வயதில் அகன்ற பட்டையும், மூன்று கொக்கி வரிசையும், அகலமான ஸ்ட்ராப்பும் உள்ள முழுக் கப் பிராக்கள் பெரிய நிம்மதி.

மிகப் பெரிய மார்பகம் உள்ளவர்களின் வேதனையை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. பேருந்தில் புத்தகப்பையை நெஞ்சோடு அணைத்தபடியே நிற்பதும், தோளைக் குறுக்கி நடந்து கூன் விழுவதும் அவர்கள் வாழ்க்கையின் பகுதியாகிவிடுகின்றன. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடைப்பயிற்சியை விட்டுவிட்டதாகச் சொன்ன ஒருவர், குலுங்கும்போது வலிப்பதைவிடப் பிறர் பார்ப்பதுதான் தாங்க முடியவில்லை என்றார். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் மார்பக அசைவையே பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். ஓடும்போது மார்பகம் மேலும் கீழும் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் முன்னும் பின்னுமாக, எட்டு எழுதுவது போல அசைகிறது என்பது அவர்கள் காட்டியது. நெஞ்சோடு சேர்த்து அமுக்கும் மாதிரி சிறிய மார்பகங்களுக்குப் போதும். பெரியவற்றுக்கு இரண்டு கப்புகளையும் தனித்தனியே தாங்கும் ஸ்போர்ட்ஸ் பிரா வேண்டும். சரியான பிராவுக்குப் பிறகும் முதுகுவலியும் தோள்வலியும் நீங்காவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் ஆலோசனை கேட்கலாம். மார்பகத்தைக் குறைக்கும் அறுவை சிகிச்சை வலிக்கான மருத்துவம், அதை ஆடம்பரம் என்று யாரும் சொல்லிவிட விடாதீர்கள்.

எது இயல்பான வேறுபாடு, எது மருத்துவரிடம் போக வேண்டியது என்பதில் மட்டும் தயக்கம் கூடாது. பிறந்ததிலிருந்தோ பருவ வயதிலிருந்தோ இருந்துவரும் ஏற்றத்தாழ்வு இயல்பு. இத்தனை நாள் இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் பெருப்பது அல்லது சுருங்குவது, வலியில்லாத கெட்டியான கட்டி, அக்குளில் கட்டி, தோலில் குழி விழுவது அல்லது ஆரஞ்சுத் தோல் போல் தடிப்பது, காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் வருவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த வாரமே போக வேண்டும். "போன பிராவுல ஒரு பக்கம் மட்டும் இறுக்கமாயிருச்சு" என்று என்னிடம் சொன்ன ஒருவரை நான் வேறு அளவு கொடுக்காமல் மருத்துவமனைக்கு அனுப்பினேன். சிகிச்சை முடிந்து வந்து, அகற்றிய பக்கத்தில் செயற்கை மார்பகம் வைக்கப் பை தைத்த பிராவை என்னிடமே தைத்துக்கொண்டார். இரு பக்க எடையும் சமப்படாவிட்டால் தோள் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் அந்தப் பை அழகுக்கு மட்டுமானது அன்று. பிரா அணிவதால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியையும் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் சியாட்டில் நகரின் ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வயர் வைத்ததானாலும் வைக்காததானாலும், எத்தனை மணி நேரம் அணிந்தாலும், அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை. இரவில் கழற்றிவிட்டுத் தூங்குவதா வேண்டாமா என்பது உங்கள் வசதி.

நம் ஊர் வெயிலுக்கென்று சில உண்டு. மார்பகத்தின் அடி மடிப்பில் வியர்வை தேங்கிச் சிவந்து அரிப்பது, பெரிய மார்பகம் உள்ளவர்களுக்குச் சித்திரை, வைகாசியில் பெருந்தொல்லை. அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. குளித்ததும் அந்த மடிப்பை ஈரம் போகத் துடைத்து, காற்றுப்பட்ட பின்பே பிராவை மாட்டுங்கள். வியர்த்த பிராவோடு மாலை வரை இருக்க நேர்ந்தால் மதியம் ஒன்றை மாற்றுங்கள். தொற்று வந்தால் டால்கம் பவுடரைக் கொட்டி மறைக்காமல் மருத்துவரைக் கேளுங்கள். இதற்கு இன்னொரு காரணம் நம் கொடிக்கம்பியில் இருக்கிறது. மாமனாரும் கொழுந்தனும் பார்ப்பார்கள் என்று துண்டுக்கோ நைட்டிக்கோ அடியில் பிராவை மறைத்துக் காயப்போடுவதால் அது முழுதாகக் காய்வதே இல்லை. எலாஸ்டிக்கில் ஈரம் நின்று அடுத்த நாள் உடம்போடு சேர்கிறது. வெளியே போடத் தயக்கமாக இருந்தால் அறைக்குள் ஜன்னல் ஓரமாகவோ மின்விசிறிக்குக் கீழோ எதையும் மேலே மூடாமல் காயப்போடலாம். பிழிந்து முறுக்கினால் கப்பும் எலாஸ்டிக்கும் கெடும்.

அணிந்து பார்க்க இடம் தராத கடைகளே அதிகம். அப்படிப்பட்ட கடையில் மொத்தமாக வாங்காமல் ஒன்றே ஒன்றை மட்டும் வாங்குங்கள். மாற்றித் தருவார்களா என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். வீட்டில் அட்டையைக் கழற்றாமல் மெல்லிய சிம்மீஸின் மேல் மாட்டி, கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து பாருங்கள். கையைத் தூக்கும்போது பட்டை மேலே ஏறினால் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடலாம். பொருந்தியது தெரிந்தால் அதே நிறுவனத்தின் அதே மாதிரியில் இன்னும் இரண்டு வாங்குங்கள். அதே நிறுவனத்தின் வேறு மாதிரியில் உங்கள் அளவு மாறக்கூடும். என் கடையில் அளந்தவர்களுக்கு ஒரு சீட்டில் விலா அளவு, மார்பளவு, அளந்த தேதி மூன்றையும் எழுதித் தருகிறேன். பிரசவம், பால் நிறுத்தியது, எடை ஐந்து கிலோ கூடியது அல்லது குறைந்தது, மாதவிலக்கு நின்றது என ஏதேனும் நடந்திருந்தால் அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி அளந்துகொள்ளச் சொல்கிறேன். எதுவும் நடக்காவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை அளந்துகொள்ளலாம்.